காரைக்குடிக்கு ரோபோ வாங்கித்தரும் பெரியோர்களுக்கு

மதிப்பிற்குரிய நகரத்தார் பெரியோர்களே, வணக்கம்.

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்தவர்களுக்குப் பயிற்சி தரும் ரோபோ ஒன்றை நம்மூருக்கு வாங்கித்தரப் போகிறீர்களாம். சந்தோஷம். பணம் கட்டுமுன் எங்கள் ஆத்தா பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் வலது மூட்டு மாற்றினோம். 3 நாள் காலைத் தொட்டில் மாதிரி ஒன்றில் கிடத்தினார்கள். மோட்டார் தானாக மடக்கி நீட்டியது. ஆத்தா அதில் தூங்கியே போனார்கள். பிறகு படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 6 வாரமாகியும் மூட்டு 75 டிகிரியைத் தாண்டவில்லை. நாற்காலியை விட்டுச் சிரமமில்லாமல் எழவும் படி இறங்கவும் 90க்கு மேல் மடங்க வேண்டும். நம் வீடுகளில் கட்டுக்குக் கட்டு நிலைப்படி, போதாக்குறைக்கு ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பு. அத்தனை பெரிய வீட்டில் ஆத்தா ஒரே அறையில் கிடந்தார்கள்.

அந்தத் தொட்டில் 1970களில் கனடா மருத்துவர் ராபர்ட் சால்டரின் யோசனையில் வந்தது. மூட்டு மாற்றியவர்களுக்கு அதனால் பெரிய பலனில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அறுவைக்குப் பின் வீக்கத்தாலும் வலியாலும் தொடைத் தசை ஓய்ந்துவிடுகிறது. மோட்டாரே காலை ஆட்டினால் அது எப்படி விழிக்கும்?

ரோபோவிலும் இந்தத் தொட்டில் ஜாதி உண்டு. காலில் மாட்டிக்கொள்ளும் ஜப்பானின் 'ஹால்' ரோபோ போன்றவை வேறு: தோலில் ஒட்டிய சென்சார் தசையின் மெல்லிய மின்துடிப்பைப் பிடிக்கும், ஆள் முயன்றால்தான் மோட்டார் கைகொடுக்கும். வாங்கினால் அந்த வகையைப் பாருங்கள்.

எங்கள் ஆத்தாவை எழுப்பிவிட்டது பக்கத்துத் தெரு பிசியோதெரபிஸ்ட் பெண். தினமும் வந்து, "இன்னும் ஒரு விரக்கடை, ஆச்சி" என்று குதிகாலை இழுக்கவைத்தது. ஆத்தா திட்டாத திட்டில்லை. மூன்றாம் மாதம் 105 டிகிரி. அப்படி ஒருவருக்கு ஐந்து வருடச் சம்பளத்தையும் சேர்த்து ஒதுக்குங்கள். இல்லாவிட்டால், பர்மாவிலிருந்து வந்து பட்டாலையில் ஓடாமல் நிற்கும் கடிகாரம் மாதிரி ரோபோவும் உறை போட்டு நிற்கும்.

இன்னொன்று. அது தொடையில் பட்டை கட்டும் மெஷின். ஆச்சிமார் சேலையோடுதான் வருவார்கள். பெண் பிசியோதெரபிஸ்ட், ஒரு திரை, தொளதொளவென்று நாலு பைஜாமா. இதையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஊர்ப் பெண் ஒருத்தி