கார்டை மேசையில் வைத்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் டிரேடிங் கார்டு விளையாட்டுகளின், அதாவது கார்டுகளைச் சேகரித்து அவற்றைக் கொண்டே எதிரே ஒருவரோடு ஆடும் விளையாட்டுகளின், பழைய கார்டுகளையும் அவற்றின் புது வடிவங்களையும் ஜோடி ஜோடியாகப் போட்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. இந்த விஷயத்துக்கெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினீர்களே, அதற்கே முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க ‘பழசில் உயிர் இருந்தது, புதுசு கம்ப்யூட்டரில் செய்தது’ என்ற ஒரே பல்லவிதான். எனக்கும் பழைய படங்கள்தான் பிடிக்கும், அதில் சண்டை இல்லை. சண்டை எங்கே என்றால், இவை விளையாடுவதற்கான கார்டுகள் என்பதைக் கட்டுரை எழுதியவர் ஒரு இடத்தில்கூட நினைத்துப் பார்க்கவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் உங்கள் கார்டைத் தலைகீழாக, இரண்டு மூன்றடி தூரத்திலிருந்து பார்க்கிறார். அவருக்கு அது என்ன கார்டு என்று தெரிகிறதா என்பதுதான் என் கணக்கில் முதல் கேள்வி.

நீங்கள் போட்டிருந்த மேஜிக்: த கேதரிங் ஜோடியையே எடுத்துக்கொள்வோம். லைட்னிங் போல்ட், மின்னல் அடி கொடுக்கும் கார்டு, 1993-இல் முதல் தொகுப்பில் வந்தது, படம் கிறிஸ்டோஃபர் ரஷ் வரைந்தது. பக்கத்தில் 2009-இல் வந்த கிறிஸ்டோஃபர் மோலரின் படம். எது அழகு என்று கட்டுரை ஒரு பத்தி முழுக்க வாதாடுகிறது, படத்துக்குக் கீழே இருக்கும் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதையே அங்கேதான் இருக்கிறது. முதல் கார்டில் ‘ஒரு இலக்குக்கு 3 சேதம்’ என்கிற மாதிரி ஒற்றை வரி. எது இலக்கு என்று அதில் இல்லை, அதைத் தெரிந்துகொள்ள விதிப் புத்தகத்துக்குத்தான் போக வேண்டும். அப்புறம் வந்த பதிப்புகளில் ‘ஒரு உயிரினத்துக்கோ ஆட்டக்காரருக்கோ’ என்று தெளிவாகச் சொன்னார்கள். 2007-இல் பிளேன்ஸ்வாக்கர் என்று ஒரு புது வகைக் கார்டு வந்ததும் அந்தத் தெளிவே தொல்லையாகிவிட்டது, ஏனென்றால் அதற்கும் அடி விழ வேண்டும், ஆனால் கார்டில் அதன் பெயர் இல்லை, ஆட்டக்காரருக்கு விழும் சேதத்தை அங்கே திருப்பிவிடலாம் என்று தனியாக ஒரு விதி வைத்து ஓட்டினார்கள். 2018-இல் அந்த விதியைத் தூக்கிவிட்டு ‘எந்த இலக்குக்கும்’ என்று மாற்றினார்கள். கால் நூற்றாண்டு சுற்றிவிட்டு ஏறக்குறைய புறப்பட்ட இடத்துக்கே வந்தாகிவிட்டது, ஆனால் இந்த முறை அதற்குப் பின்னால் ஒழுங்கான விதி இருக்கிறது. பழைய கார்டு, புது கார்டு என்று ஒப்பிட வேண்டுமானால் இதையல்லவா ஒப்பிட வேண்டும்?

அடுத்து ஃப்ரேம், அதாவது படத்தையும் எழுத்தையும் சுற்றியிருக்கும் கட்ட வடிவமைப்பு. மேஜிக் 2003-இல் எட்டாம் பதிப்போடு ஃப்ரேமை மாற்றியபோது பழைய ஆட்டக்காரர்கள் போட்ட கூச்சல் இன்னும் ஓயவில்லை, உங்கள் கட்டுரையாளரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்று நினைக்கிறேன். மேஜிக் கார்டுகள் நிறவாரியாகப் பிரிந்தவை. பழைய ஃப்ரேமில் சிவப்புக்கு ஒரு பாறைத்தன்மை, பச்சைக்கு ஒரு மரத்தன்மை என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கார்டின் பெயரைப் பாருங்கள். வெளிறிய எழுத்து, அதுவும் நேராக அந்தக் கோலம்போட்ட பின்னணி மேலேயே. உயிரினத்தின் பலத்தைச் சொல்லும் எண்களுக்குக் கட்டம்கூடக் கிடையாது, கீழ் மூலையில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். 2003-இல் பெயருக்கு ஒரு பட்டை, கறுப்பு எழுத்து, எண்களுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். எதிரே இருப்பவரின் கண்ணுக்கு அதுதான் பெரிய உபகாரம்.

அதற்காக 2003-இல் செய்ததெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். ஆர்ட்டிஃபாக்ட் கார்டுகளுக்கு, அதாவது கருவி, இயந்திரம் மாதிரிப் பொருள்களுக்கான கார்டுகளுக்கு, அதுவரை இருந்த பழுப்பு நிறத்தை எடுத்துவிட்டு வெளிறிய வெள்ளிச் சாயம் கொடுத்தார்கள். மேசையில் வைத்தால் அதற்கும் வெள்ளை நிறக் கார்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை, அதுவும் ஆர்ட்டிஃபாக்ட்டையே மையமாக வைத்து ஒரு தொகுப்பு வந்த அதே வருஷம். அடுத்த வருஷமே, 2004-இல் ஃபிஃப்த் டான் தொகுப்பில், நிறத்தை அடர்த்தியாக்கினார்கள். தனியாக ஒரு கார்டைக் கையில் வைத்து ரசித்தால் இந்தக் குறை கண்ணில் படவே படாது. பத்துக் கார்டு விரிந்து கிடக்கும்போதுதான் தெரியும்.

இன்னொன்று, கட்டுரையில் இதைத் தொடவேயில்லை, எனக்கு மிகவும் பிடித்த தோல்வி. கையில் கார்டுகளை விசிறி மாதிரி பிடித்தால் பொதுவாக ஒவ்வொன்றின் இடது ஓரம்தான் வெளியே தெரியும். மேஜிக்கில் கார்டின் விலை, அதாவது அதை இறக்க எவ்வளவு மானா (ஆட்டத்தில் செலவழிக்கும் மந்திர சக்தி) வேண்டும் என்பது, வலது மேல் மூலையில் இருக்கிறது. தேவைப்படுவது மறைந்துபோகும் இடத்தில். 2007-இல் ஃபியூச்சர் சைட் என்ற தொகுப்பில் சில கார்டுகளுக்கு மட்டும் ‘எதிர்காலத்து’ ஃப்ரேம் என்று ஒன்றைக் கொடுத்து, விலையை இடது ஓரமாக வளைத்து இறக்கினார்கள். யோசனை அருமை. பார்க்க விசித்திரமாக இருந்தது, பழகின கண்ணுக்கு ஒட்டவில்லை, அதுவே இந்த விளையாட்டின் நிரந்தர முகமாக ஆகவில்லை. எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

போக்கிமான் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டிருக்கிறது. 1996-இல் ஜப்பானில் வந்த முதல் கார்டை எடுத்து இன்றைய சாதாரணக் கார்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். மேலே பெயர், வலது மூலையில் ஹெச்.பி. (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்), நடுவில் படம், கீழே தாக்குதல்கள், அடியில் பலவீனமும் பின்வாங்கும் செலவும். எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, சதைதான் மாறியிருக்கிறது. ஆங்கிலக் கார்டுகளின் மஞ்சள் பார்டர் போய் 2023-இல் வெள்ளிப் பார்டர் வந்தபோது சிலருக்கு நெஞ்சு கனத்தது, ஆனால் ஒருவருக்கும் விளையாட்டு மறக்கவில்லை. சாரிசார்டு என்ற நெருப்புப் போக்கிமானுக்கு ஓவியர் மிட்சுஹிரோ அரிட்டா வரைந்த அந்த முதல் கார்டை 25-ஆம் ஆண்டுக்காக 2021-இல் மறுபடி அச்சிட்டபோதும் அதே படம், அதே 120 ஹெச்.பி., 102-இல் நாலாவது கார்டு என்று சொல்லும் அதே 4/102 என்ற எண், கூடவே ஒரு சின்ன ஆண்டுவிழா முத்திரை. புதுசு எது பழசு எது என்று தெரிந்துகொள்ள அந்த முத்திரை போதும். இதே சாரிசார்டு 2023-இல் ‘எக்ஸ்’ என்ற பலம் கூடிய வகைக் கார்டாக வந்தபோது ஹெச்.பி. 330! அந்த வீக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு கடிதம் வேண்டும், விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது விளையாட்டான யு-கி-ஓ பற்றிக் கட்டுரையில் எழுதியிருந்ததெல்லாம் ஜப்பானியப் படங்களை வெளிநாட்டுப் பதிப்பில் எப்படி மாற்றினார்கள் என்பதுதான். மான்ஸ்டர் ரீபார்ன் கார்டில் இருந்த எகிப்தியச் சின்னம் காணாமல்போனது பற்றி எழுதியது சரியே. மேஜிக்கிலும் இது நடந்திருக்கிறது, அன்ஹோலி ஸ்ட்ரெங்த் கார்டில் அந்த ஆளுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த ஐங்கோண நட்சத்திரத்தைப் பிற்காலப் பதிப்பில் துடைத்துவிட்டார்கள், துடைத்த இடம் வெறிச்சென்று இருக்கும். ஆனால் யு-கி-ஓவில் பெரிய மாற்றம் படத்தில் நடக்கவில்லை. 2011-இல் கார்டின் வாசகத்தை எழுதும் முறையையே மாற்றினார்கள். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது எப்போது பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை, அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது அதற்காகச் செய்ய வேண்டிய செலவு, அதற்குப் பின்னால் இருப்பது விளைவு. அதற்கு முன்னால் வந்த கார்டுகளில் இது எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலந்து கிடக்கும், விளைவு நடுவில் தடுக்கப்பட்டால் ஏற்கெனவே செய்த செலவு போனது போனதுதானா இல்லையா என்று வாக்குவாதம் நடக்கும். புது வாசகம் நீளமாகவும் எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடியாகவும் இருக்கிறது, படிக்கச் சுகமில்லை. ஆனால் சண்டை குறைந்தது.

இதில் ஒரு வேதனையும் உண்டு. கேயாஸ் எம்பரர் டிராகன் என்ற கார்டு இரண்டு பேரின் கையிலும் மேசையிலும் இருப்பதையெல்லாம் குப்பைக்கு, அதாவது ஆட்டத்தை விட்டுப் போன கார்டுகளின் குவியலுக்கு, அனுப்பி, அனுப்பிய ஒவ்வொரு கார்டுக்கும் எதிராளிக்கு 300 சேதம் கொடுக்கும். நீண்ட காலம் தடைப் பட்டியலில் இருந்த அது, எதிராளியின் குப்பைக்குப் போன கார்டுகளுக்கு மட்டும்தான் சேதம், அந்தச் சுற்றில் வேறு எதன் விளைவையும் பயன்படுத்தக் கூடாது என்று பல்லைப் பிடுங்கிய பிறகுதான் வெளியே வந்தது. உங்களிடம் இருப்பது பழைய அச்சு என்றாலும் புது வாசகப்படிதான் விளையாட வேண்டும். கையில் இருக்கும் கார்டு ஒன்று சொல்கிறது, ஆட்டம் வேறொன்று சொல்கிறது. படம் மாறியதற்குக் கண்ணீர் விடுகிறவர்கள் இதற்கு ஏன் விடுவதில்லை என்று எனக்குப் புரிந்ததேயில்லை.

இப்போது என் உண்மையான புகாருக்கு வருகிறேன். இன்றைக்குச் சிக்கல் ஒரு பழைய முகத்துக்கும் ஒரு புது முகத்துக்கும் நடுவில் இல்லவே இல்லை. ஒரே கார்டுக்கு ஒரே சமயத்தில் எத்தனை முகம்? லைட்னிங் போல்ட்டுக்கே சாதாரணப் படம், பழைய ஃப்ரேம், மினுங்கும் ஃபாயில், 2021-இல் மிஸ்டிக்கல் ஆர்க்கைவ் என்று சுவடி மாதிரி அலங்கரித்த ஒன்று, அதிலேயே ஜப்பானியப் பாணிப் படத்தோடு இன்னொன்று. அதே 2021-இல் பழைய ஃப்ரேம் பிறந்தபோது இல்லாத கார்டுகளை எல்லாம் அந்த ஃப்ரேமில் போட்டுக் கொடுத்தார்கள், வாங்க ஆளும் இருந்தது. சேகரிப்பவருக்குக் கொண்டாட்டம்தான். விளையாடுகிறவருக்கு? நன்றாக ஆடுகிறவர்கள் கார்டைப் படிப்பதில்லை, படத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். நான் எதிரே இருப்பவரின் மேசையில் பார்டரே இல்லாத, முழுக்க ஓவியமான, வெளிச்சத்தில் மினுங்கும் ஒன்றைப் பார்த்து, ‘இது என்ன கார்டு?’ என்று கேட்டால் அவர் எடுத்துக் காட்டுகிறார், நான் படிக்கிறேன், பார்த்தால் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த கார்டு. ஒரு ஆட்டத்தில் இப்படி நாலு தடவை நடந்தால் ஆட்டம் எங்கே போகும்? தவிர, நான் கேட்ட கேள்வியிலிருந்தே எதைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அழகான பதிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயரும் விலையும் வகையும் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும், ஓவியர் மீதி இடத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். இதைச் செய்ய முடியும் என்பதற்குக் கார்டின் பின்பக்கமே சாட்சி. மேஜிக்கின் பின்பக்கம் 1993-இல் இருந்த மாதிரியே இன்றைக்கும் இருக்கிறது, அதன் அடியில் ‘டெக்மாஸ்டர்’ என்று யாருக்கும் இப்போது பயன்படாத ஒரு பெயர் உட்பட. மாற்றினால் கலைத்து வைத்த சீட்டில் பழசு எது புதுசு எது என்று தெரிந்துவிடும், அதனால் கை வைக்கவில்லை. பின்பக்கத்துக்கு இவ்வளவு கறாராக இருக்கத் தெரிந்தவர்களுக்கு முன்பக்கத்தில் மூன்று விஷயத்துக்குக் கறாராக இருக்கத் தெரியாதா?

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிக் கட்டுரை மறுபடி போட்டால் படங்களைக் கால் பக்கத்துக்குப் பெரிதாக்காதீர்கள். மேஜிக்கும் போக்கிமானும் ஏறத்தாழ 63-க்கு 88 மில்லிமீட்டர், யு-கி-ஓ அதைவிடச் சின்னது, 59-க்கு 86. அதே அளவில், கார்டின் வாசகத்தையும் வெட்டாமல் அச்சிடுங்கள், ஒரு ஜோடியையாவது தலைகீழாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு வாசகர்