"எனக்கு மட்டும்தான் இப்படியா?"ன்னு கேட்டவருக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். கியூஎமுக்கு (ஒரு கம்ப்யூட்டருக்குள்ள வேற வகை கம்ப்யூட்டர சாஃப்ட்வேராவே ஓட்டிக் காட்டுற புரோகிராம்) நான் அனுப்பின பேட்ச் சீரீஸ், அதாவது கோட் திருத்தங்களோட வரிசை, நேத்து ராத்திரி ஒருவழியா மெர்ஜ் ஆயிடுச்சு, கை இன்னும் லேசா நடுங்குது. என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், உங்கள்ல பாதி பேர் பில்ட் என்னாலதான ஒடைஞ்சுது, அதனால அந்தக் கதைய திரும்ப இழுக்கல.

ஒருத்தருக்கு மட்டும் தனியா சொல்லணும், பேர் போட வேணாம்னுட்டார். நான் கை வச்ச சிபியு வகை ரிஸ்க்-வி, அந்தப் பக்கம் அவருக்கு வேலையே கிடையாது, ஸ்பார்க்னு வேற சிபியு வகை, அந்தப் பழைய மெஷின ஓட்டிப் பாக்குற ஆளு. நான் கியூஎமுல ரியலைஸ் ஃபங்ஷன்ல (சிபியு ஆப்ஜெக்ட்ட கடைசியா தயார் பண்ற இடம்) கெடந்த சிபியு செட்டப் கோட எல்லாம் அள்ளி இன்ஸ்டன்ஸ் இனிட்டுக்குள்ள (அந்த ஆப்ஜெக்ட்ட முதல்ல உருவாக்குற இடம்) கொட்டிட்டு, ஆஹா என்னா சுத்தம்னு முதுகுல தட்டிக்கிட்டு இருந்தேன். டெஸ்ட் எல்லாம் வேற பச்சை. ஞாயித்துக்கிழமை அவர்கிட்டேருந்து மெயில். வீலென் (வெக்டர் ரெஜிஸ்டரோட நீளம், பிட் கணக்குல) 256-னு குடுத்தா கெஸ்ட்ல (கியூஎமுக்குள்ள ஓடுற மெஷின்ல) வீலென்பி (அதே நீளம், பைட் கணக்குல) 32 வரணுமே, 16 வருதே, எனக்கு மட்டும்தான் இப்படியான்னு. கூடவே அத படிச்சுக் காட்ட 11 வரி அசெம்ப்ளி, அவரே எழுதினது.

பாத்ததும் வயித்துல புளி கரைச்சிடுச்சு. கமாண்ட் லைன்ல குடுக்குற ப்ராப்பர்ட்டி எல்லாம் இனிட் முடிஞ்ச பிறகுதான் ஆப்ஜெக்ட்ல ஏறும், அதுக்கப்புறம்தான் ரியலைஸ், நான் இனிட்லயே வீலென்ன படிச்சு கணக்கு போட்டுட்டேன், டீஃபால்ட் 128 அப்படியே ஒட்டிக்கிச்சு. பரிமாறுறதுக்கு முன்னாடியே இலைய மடிச்ச மாதிரி. எங்க டெஸ்ட்ல யாரும் டீஃபால்ட்ட மாத்தவே இல்ல, அதான் பச்சை.

தப்பு என்னோடதுன்னு அவருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும், அவ்ளோ பக்குவமா அந்த 11 வரி எழுதத் தெரிஞ்சவருக்கு தெரியாதா? ஆனாலும் "எனக்கு மட்டுமா"ன்னுதான் கேட்டார். அந்த வாரம் என்கிட்ட யாரும் அப்படிப் பேசல (நியாயம்தான்).

ரிவ்யூ பண்ணவங்க, எந்த பேட்ச்ல ஒடைஞ்சுதுன்னு பைசெக்ட் ஓட்டித் தேடினவங்க, ஓட்டிப் பாத்து டெஸ்டட்-பைன்னு பேர் போட்டவங்க, நடுராத்திரி டீ போட்டுக் குடுத்த ரூம்மேட்டு, எல்லாருக்கும் நன்றி. இனிமே ஒரு பேட்ச்ல ஒரு வேலைதான், எடம் மாத்துறதும் திருத்துறதும் ஒண்ணா வராது, சத்தியம்.

அவரோட ஸ்பார்க் பேட்ச் ஒண்ணு ரெண்டு மாசமா ரிவ்யூக்கு ஆள் இல்லாம கெடக்குதாம். எனக்கு ஸ்பார்க்ல ரெஜிஸ்டர் விண்டோன்னு ஒண்ணு இருக்குங்கிறதத் தவிர எதுவும் தெரியாது. இன்னிக்கு ராத்திரி மேனுவல எடுத்து வச்சு உக்காரப் போறேன்.