கிணற்று மேட்டுப் பாத்தி

அன்புள்ள பாப்பா,

பார்சலை நேற்று இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கத்தரிக்காய், அவரை, ஒரு கட்டு முருங்கைக்கீரை. கீரையை முதலில் சமைத்துவிடு. பறித்த கீரை நாளுக்கு நாள் சத்தை இழக்கும். வைட்டமின் சி தான் முதலில் போகும். கத்தரிக்காய் ஒன்றிரண்டில் ஓட்டை இருக்கும். பயப்படாமல் நறுக்கிப் பார்த்து அந்தப் பக்கத்தை எறிந்துவிடு. காயை நன்றாகக் கழுவிவிட்டுச் சமை.

அம்மா நன்றாக இருக்கிறாள். போன வாரம் உன்னோடு பேசிவிட்டு வந்தவள், அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றிருந்தாள். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளை இப்போதெல்லாம் ஆர்கானிக் காய்தான் வாங்குகிறார் என்று சொன்னாள். நல்லது. ஆனால் அட்டையில் 'ஆர்கானிக்' என்று போட ஓர் அச்சகம் இருந்தால் போதும். இயற்கை விளைச்சலுக்கான அரசாங்க முத்திரை 'ஜைவிக் பாரத்' இருக்கிறதா என்று பார்க்கச் சொல். அந்த முத்திரைக்குப் பின்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சான்று தரும் நிறுவனம் வந்து ஆய்வு செய்வது. மற்றொன்று பி.ஜி.எஸ்.: விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. நான் இரண்டாவதில் இருக்கிறேன். என் நிலத்தைப் பார்க்க வந்தவர்களில் உன் சித்தப்பாவும் ஒருவர். அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று உனக்கே தெரியும். உரக்குழிக்குள் இறங்காததுதான் பாக்கி.

பக்கத்தில் விளைந்தது என்பதற்காக நல்ல காய் என்றும் நினைத்துவிடாதே. பக்கத்து ஊர்க்காரன் மருந்து அடிக்கமாட்டானா? நானும் யாரோ ஒருவருக்குப் பக்கத்து ஊர்க்காரன்தான். பக்கத்தில் வாங்குவதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம், நேரில் போய்ப் பார்க்கலாம் என்பது. எப்போது அடித்தாய், எப்போது பறித்தாய் என்று கேட்கலாம். பதில் சொல்கிறவன் முகத்தைப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய்ப் பாருங்கள். நீ படித்த படிப்புக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நம் குடும்பத்தில் யாரும் படிக்காத படிப்பு. ஆனால் மூன்று வருடமாக வீட்டுக்கு வந்தாலும் தோட்டத்துப் பக்கம் நீ எட்டிப் பார்ப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

வந்திருந்தால் காட்டியிருப்பேன். கத்தரியில் காய்த்துளைப்பான் புழு குஞ்சு பொரித்ததும் தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். உள்ளே போன பிறகு மேலே தெளிப்பது அதற்குச் சரியாக எட்டாது. எட்டவில்லை என்றுதான் மறுபடி அடிப்பார்கள், அதுவும் கேட்கவில்லை என்று மறுபடி. இப்போது நான் வாடிய நுனியைப் பார்த்தவுடன் புழுவோடு கிள்ளி எடுத்துவிடுகிறேன். அந்தப் புழுவின் தாயான அந்துப்பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருக்கிறேன்; பெண் பூச்சியின் வாசம் காட்டி ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கும். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோ இடித்து ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளிக்கிறேன். முதல் வருடம் விளைச்சல் பாதிகூட வரவில்லை. நிலம் தேறி வர இரண்டு மூன்று வருடம் பிடித்தது. இப்போது செடியடியில் மண்புழுக் கழிவு குவியல் குவியலாகக் கிடக்கிறது. காலையில் அதைப் பார்க்கவென்றே போகிறேன்.

பாப்பா, அன்றைக்குப் போனில் கேட்டாயே, "சின்ன வயதில் நாங்கள் சாப்பிட்டதும் மருந்து அடித்த காய்தானா அப்பா" என்று. இல்லை என்று சொல்லிவிட்டு, மோட்டார் போட வேண்டும் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அன்று கரண்டே இல்லை.

நான் சொன்னது பொய் இல்லை. அதுதான் உறுத்துகிறது. நம் வீட்டுக்கென்று கிணற்று மேட்டுப் பாத்தியில் பதினைந்து செடி தனியாக இருந்தது. அதில் ஒருநாளும் மருந்து பட விட்டதில்லை. மிச்சமெல்லாம் மார்க்கெட்டுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் அடிப்பேன், ஞாயிறு விடியற்காலை பறிப்பேன். அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாதா? ஓட்டை விழுந்த காயைத் தரகர் ஒதுக்கிவிடுவார். உன் பள்ளிக்கூடக் கட்டணத்தைக் காரணம் சொல்ல வாய்வரை வருகிறது. சொல்ல மாட்டேன்.

2005-இல் மானோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. மற்றப் பயிருக்கு என்று சொல்லிக் கடையில் கொடுத்தார்கள். நானும் வாங்கிவந்து இன்னும் இரண்டு வருடம் கத்தரிக்குத்தான் அடித்தேன். டப்பாவில் சிவப்பு முக்கோணம், மண்டையோடு. செடிக்குள் ஏறும் மருந்து அது. கழுவினால் மேலே இருப்பதுதான் போகும். கழுவு, கழுவு என்று உனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேனே, அந்தக் காயை வாங்கிய வீடுகளிலும் கழுவித்தான் சமைத்திருப்பார்கள்.

அப்போது ஸ்பிரேயருக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றியது நீ. தம்பி ஓடிவிடுவான், நீதான் கூட வருவாய். ஒருநாள் நான் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துவிட்டு வந்து பார்த்தால், மருந்து கலந்த வாளியை நீயே குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தாய். முழங்கை வரை ஈரம். பாவாடையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் உன்னைக் கெட்டிக்காரி என்றேன். கையைக் கழுவு என்றுகூடச் சொல்லவில்லை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

எதனால் எது வருகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்த டாக்டராவது எப்போதாவது உன் சின்ன வயதைப் பற்றிக் கேட்டால் இதைச் சொல். அப்பாவுக்கு அவமானம் என்று மறைக்காதே. அந்த மருந்தின் பெயரைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பார்சல் வந்ததும் போன் செய். நான் எடுத்தால் உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாதே.

அப்பா