முடிதிருத்தகத்தில் குடியைப் பற்றிக் கேட்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

லாஸ் ஏஞ்சலிஸின் தென்பகுதியில் கறுப்பின ஆண்கள் வந்துபோகும் முடிதிருத்தகங்களில், அவர்களுடைய குடிப்பழக்கத்தைக் கேட்டறியும் பணியில் சேரப்போவதாக எழுதி, வினாத்தாளையும் அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். அதில் ஒரு கேள்வியோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இடத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இதயநோய் மருத்துவர் ரொனால்ட் விக்டர் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் 52 முடிதிருத்தகங்களில், இரத்தக் கொதிப்புள்ள 319 கறுப்பின ஆண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பிரிவில், மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று முடிதிருத்துநர் எடுத்துச் சொன்னதோடு சரி. மற்றதில் மருந்தாளுநரே கடைக்கு வந்து, மருத்துவரின் ஒப்புதலோடு மருந்தும் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் முதல் பிரிவினருக்கு மேல் அழுத்தம் சுமார் 9 புள்ளி குறைந்தது. இரண்டாம் பிரிவினருக்கு 27 புள்ளி. உங்கள் திட்டத்தில் கேள்வி இருக்கிறது, துண்டறிக்கை இருக்கிறது. குடிநோய்க்கு அமெரிக்காவில் 1994 முதல் அனுமதிக்கப்பட்டுள்ள நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தை அங்கே யார் எழுதிக் கொடுப்பார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று. இரத்த அழுத்தத்தைக் கையில் பட்டை சுற்றி அளந்துவிடலாம். குடியை அவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. கழுத்தில் துணி கட்டியிருக்கிறது, காதோரம் மெஷின் ஓடுகிறது, பக்கத்து நாற்காலிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் ஒருவருக்குக் குடிக்கக் கூடாது என்பதே நிபந்தனையாகவும் இருக்கலாம். அவர் உங்களிடம் என்ன சொல்வார்? அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அரசின் பொதுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்த நாடு அது. ஆய்வு என்ற சொல்லை அங்கே மெதுவாகத்தான் எடுக்க வேண்டும். விடை எந்த அலுவலகத்துக்குப் போகும், எதற்குப் போகாது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

இனி அந்தக் கேள்வி: ஒரு நாளில் எத்தனை டிரிங்க்? அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் ஆல்கஹால். ஏழு சதவீதச் சாராயச் சத்துள்ள 40 அவுன்ஸ் மால்ட் லிக்கர் (கடுமையான ஒருவகை பீர்) பாட்டில் ஒன்றில், அதாவது ஏறத்தாழ 1.2 லிட்டரில், நாலரைக்கும் மேற்பட்ட டிரிங்க் அடங்கியிருக்கிறது. குடித்தவரோ ஒன்றுதான் என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கையில் இருந்தது ஒரு பாட்டில்தான். எண்ணைக் கேட்காமல் பாட்டில்களின் படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

அந்தப் பாட்டில் தானாக அந்தத் தெருவுக்கு வந்துவிடவில்லை. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைக் குறிவைத்தே மால்ட் லிக்கர் விளம்பரம் செய்யப்பட்டது. 1990இல் நியூயார்க்கின் ஹார்லமில் பாதிரியார் கால்வின் பட்ஸ் தம் சபையாரோடு போய், மது, சிகரெட் விளம்பரப் பலகைகள் மீது வெள்ளையடித்தார். அடுத்த ஆண்டு ஹைல்மன் பீர் நிறுவனம் பவர்மாஸ்டர் என்ற கடுமையான மால்ட் லிக்கரைக் கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்க நேர்ந்தது.

நீங்கள் வேலை செய்யப்போகும் பகுதியிலேயே, 1992 கலவரத்தில் சுமார் 200 மதுக்கடைகள் எரிந்தன. 1990இல் கேரன் பாஸ் தொடங்கிய கம்யூனிட்டி கோயலிஷன் அமைப்பினர், அவற்றை அப்படியே திரும்பத் திறக்க விடக் கூடாது என்று நகராட்சி விசாரணைகளில் அண்டைவீட்டாரை அழைத்து வந்து பேசவைத்தார்கள். சுமார் 150 கடைகள் திரும்ப வரவில்லை. கடைக்காரர்களில் பலர் சேமிப்பையெல்லாம் இழந்த கொரியக் குடியேறிகள். அந்த வருத்தத்தையும் மறைப்பதற்கில்லை. ஆனாலும் அமெரிக்காவில் நடந்த முயற்சிகளில் என்னை மிகவும் கவர்ந்தது இதுவே. கறுப்பின ஆண்கள் வெள்ளையரைவிட அதிகம் குடிப்பதில்லை. குடியால் வரும் கேடுதான் அவர்களுக்கு அதிகம் என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. அப்படியிருக்க, நாற்காலியில் உட்கார்ந்தவரை மட்டும் திருத்தக் கிளம்புவது எனக்கு ஒப்பவில்லை. முடிதிருத்தகத்துக்குப் போகும் வழியில் எத்தனை மதுக்கடைகள் இருக்கின்றன என்று வினாத்தாளின் பின்பக்கத்தில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு வரும்போது திருத்திய வினாத்தாளைக் கொண்டுவாருங்கள். பாட்டில் படங்களை எப்படி வரைந்திருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்