வீடியோவில் போட்டாலும் டியூப் டியூப்தான்

பாப்பா,

சாப்பிடுகிறாயா? லக்னோ குளிரில் ராத்திரி டியூட்டிக்கு வெறும் டீயைக் குடித்துவிட்டுப் போகாதே.

நோயாளியின் மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது, தொண்டைக்குள் பார்க்கிற லாரிஞ்சோஸ்கோப்பை சீனியர் உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தவள்தான், அதற்கப்புறம் குட் மார்னிங் படம் மட்டும் வருகிறது. ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராகவே ரிட்டயர் ஆனவளிடம் இதைப் பேச என்ன கூச்சம்? ரத்தத்தில் ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் இறங்கும்போது அவர் வாங்கியதுதான் சரி, அதில் மானம் பார்க்காதே.

கேமரா வைத்து ஸ்கிரீனில் காட்டுகிற வீடியோ லாரிஞ்சோஸ்கோப்பில் போடுவது ஏதோ காப்பியடிக்கிற மாதிரி பேசினாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. 2023-ல் அமெரிக்காவில் எமர்ஜென்சி, ஐசியூ நோயாளிகள் 1,417 பேரை வைத்துப் பார்த்தார்களே, வீடியோவில் நூற்றுக்கு 85 பேருக்கு முதல் தடவையிலேயே டியூப் போனது, கண்ணால் நேராகப் பார்த்துப் போடும் சாதா பிளேடில் 71 பேருக்குத்தான். போட்டவர்களில் பெரும்பாலோர் உன்னைப் போலப் பயிற்சியில் இருப்பவர்கள். மீதி 29 பேருக்குப் போகவில்லையே, அந்த டாக்டர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டா போனார்கள்? ஸ்கிரீன் இருந்தால் நீ பார்ப்பதை சீனியரும் பார்த்து, இன்னும் கொஞ்சம் தூக்கு என்று சொல்லலாம். சாதா பிளேடில் தெரிவது உன் கண்ணுக்கு மட்டும், பின்னால் நிற்பவர் பிடுங்காமல் என்ன செய்வார்?

அதற்காக சாதா பிளேடை மறந்துவிடாதே. ரத்தமோ வாந்தியோ பட்டால் கேமரா மங்கிவிடும். வளைவு அதிகமான பிளேடில் குரல்நாண் பளிச்சென்று தெரியும், டியூப் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும், அதனால் டியூபுக்குள் விடும் கம்பியை, அந்த ஸ்டைலெட்டை, முதலிலேயே அதே வளைவுக்கு வளைத்து வை. டியூபுக்கு வழிகாட்டும் நீளக் குச்சி, அந்தப் பூஜி, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பல்லில் வைத்து நெம்பாதே. வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபில் அலை வராவிட்டால் டியூப் உள்ளேதான் இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதே. போகவில்லையென்றால் மாஸ்க்கைப் போட்டு ஆக்ஸிஜன் கொடு, ஆளைக் கூப்பிடு. கூப்பிடுவதற்குத் தயங்காதே, இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

காசிமேட்டில் நம் தெருவையே இப்போது டாக்டர் பொண்ணு வீட்டுத் தெரு என்கிறார்கள், அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. அவரிடமாவது இரண்டு வார்த்தை பேசக் கூடாதா?

அப்புறம், அண்ணனிடம் டிக்கெட் பார்க்கச் சொன்னாயாம். பொங்கலும் இல்லை, பரீட்சையும் முடியவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. வா, வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன், நன்றாகத் தூங்கு. டிக்கெட் மட்டும் போக வர இரண்டுக்கும் சேர்த்தே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா