தாராசுரத்தில் எங்களைத் தரையில் உட்காரவைத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவிலிருந்து பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஒரு வேன் நிறையக் கிளம்பிப் போய், கும்பகோணம் நாகேசுவரன் கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் பார்த்து வந்தோம். அந்த நாள் நல்லபடியாக முடிந்ததற்குக் காரணமானவர்களுக்கு எங்கள் எல்லோர் சார்பிலும் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று முக்கியமானவரே கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. அவரவருக்குத் தெரியும்.

முதலில் எங்களுக்கு வழிகாட்டிய ஐயா. பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். நாகேசுவரன் கோயிலில் நாங்கள் நேரே சன்னதிக்குப் போகப் பார்த்தோம். "சாமி எங்கேயும் போயிடாது, முதல்ல சுவரைப் பாருங்க" என்று வெளிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஆதித்த சோழன் காலத்துக் கோயில், 9ஆம் நூற்றாண்டு. பின்சுவரில் அர்த்தநாரி. பக்கத்துக் கோட்டங்களில், அதாவது சுவரில் உள்ள மாடங்களில், ஆள் உயரத்துக்கு ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள். அரச குடும்பமா, வேறு யாருமா என்று அறிஞர்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு நடக்கிறதாம். அந்த அம்மாக்களின் கொண்டையையும் நகையையும் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுப் பெண்கள் நகர மறுத்தார்கள். சித்திரையில் சூரியக் கதிர் உள்ளே லிங்கத்தின் மேல் விழும் கோயில் என்று மட்டும்தான் எனக்கு அதுவரை தெரியும்.

தாராசுரத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன். இரண்டாம் இராசராச சோழன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. வழக்கமாக வருபவர்கள் குதிரை பூட்டிய தேர் போன்ற மண்டபத்தின் முன் நின்று படம் எடுப்பார்கள், தட்டினால் சத்தம் வரும் பலிபீடப் படிகளைக் கம்பிவலைக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், காளையும் யானையும் ஒரே தலையாக இருக்கும் சிற்பத்தைத் தேடிப் பிடிப்பார்கள். அரை மணியில் முடிந்துவிடும். ஐயா எங்களைக் கருவறையைச் சுற்றி அழைத்துப் போய், தரையில் உட்காரச் சொன்னார். வேட்டி அழுக்காகும் என்று யோசித்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்தால்தான் தெரிகிறது. சுவரின் அடிப்பகுதியில் வரிசையாகச் சின்னச் சின்னச் சிற்பங்கள், நாயன்மார் கதைகள். கண்ணப்பர் இருக்கிறார். முதலை வாயிலிருந்து பிள்ளை மீண்டு வருகிறான், சுந்தரர் நிற்கிறார். பக்கத்திலேயே பெயரும் வெட்டியிருக்கிறது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இந்த இராசராசனின் அப்பா இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர். அப்படியென்றால் புத்தகம் புதிதாக இருந்த காலத்திலேயே அதைக் கல்லில் செதுக்கிவிட்டார்கள்! ஐயா பையிலிருந்து ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, வெயிலைத் திருப்பி ஒவ்வொரு சிற்பத்தின் மேலும் பக்கவாட்டில் அடித்தார். தட்டையாகத் தெரிந்த கல்லில் மூக்கும் விரலும் எழுந்து வந்தன. யாரையும் கல்லைத் தொட விடவில்லை. அது சரிதான்.

அங்கே கல்வெட்டு படித்துக்கொண்டிருந்த கல்லூரித் தம்பி தங்கைகளுக்கும் நன்றி. நாங்கள் யாரோ, அவர்கள் யாரோ. எங்கள் பிள்ளைகள் எட்டிப் பார்த்ததும் தங்கள் வேலையை விட்டுவிட்டுச் சோழர் காலத்துத் தமிழைச் சொல்லிக்கொடுத்தார்கள். 'ட', 'ப' எல்லாம் ஏறக்குறைய இன்றைய உருவம்தான், மெய்யெழுத்துக்குப் புள்ளி மட்டும் பெரும்பாலும் இருக்காது. அவ்வளவு சொன்னதுமே பிள்ளைகள் தாமாகத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

பத்து மணிக்கு மேல் கல் சுட்டது. நார் விரிப்பைத் தூக்கி வந்து நிழலில் போட்டுக்கொடுத்த காவலாளி அண்ணனுக்கும், எங்கள் மாமி ஒருவருக்குத் தலை சுற்றியபோது மோர் கொடுத்துக் காசு வாங்க மறுத்த வாசல் கடை அக்காவுக்கும் என்ன சொல்வது! மாமி இப்போது நலம், உங்களைத் தினமும் விசாரிக்கிறார். மதியச் சாப்பாடு கும்பகோணத்தில் ஒரு வீட்டு மெஸ்ஸில். கத்தரிக்காய் கொத்சு பற்றித் தனி மடலே போடலாம்.

அப்புறம் எங்கள் வேன் ஓட்டுநர் அண்ணன். அணைக்கரையில் குறுகிய பாலத்தைத் தாண்டியதும் ஐயா கேட்டாரே என்று இடம் பார்த்து வண்டியை ஓரங்கட்டினார். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் அந்த அணையைக் கட்டியபோது, நாங்கள் பார்க்கப் போகும் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பிரித்துத்தான் கல் எடுத்தார்களாம். டெல்டா வயலுக்குத் தண்ணீர் வந்தது, கோயில் மதிலை இழந்தது. எனக்கு இதில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. ஓட்டுநர் அண்ணன் மட்டும், "கல் மலையில கிடைக்காதா?" என்றார்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் வடக்குப் படிக்கருகே சண்டேசருக்கு அருள் செய்யும் சிவன். சிவபூசைக்கு வைத்த பால்குடத்தை உதைத்த தகப்பனின் காலையே வெட்டிய பிள்ளைதான் இந்தச் சண்டேசர். அவன் தலையில் சிவன் தன் கையால் பூமாலையைச் சுற்றுகிறார். அந்தக் குனிந்த தலை, இந்தக் கோயிலைக் கட்டிய இராசேந்திர சோழனேதான் என்று சொல்பவர்களும் உண்டு. எங்களில் ஒருவர் அப்பாவோடு பேசாமல் இருப்பவர். அவர் அங்கிருந்து கடைசியாகத்தான் வந்தார். எதிர்ப்பக்கம் இருந்த சரஸ்வதியை, நேரமாகிவிட்டதால், ஓட்டமாகத்தான் பார்த்தோம். வயதானவர்களைக் கைபிடித்து அந்தப் படிகளில் ஏற்றி இறக்கிய உள்ளூர் இளைஞர்களுக்கும், தீபாராதனைக்குப் பின் பொறுமையாக எல்லோருக்கும் விபூதி கொடுத்த குருக்களுக்கும் எங்கள் வணக்கம்.

ஐயா, நீங்கள் பணம் வாங்கவில்லை. வற்புறுத்திக் கொடுக்க எங்களுக்கும் மனம் வரவில்லை. புள்ளமங்கைக் கோயிலில் உள்ளங்கை அளவு இராமாயணச் சிற்பங்கள் இருப்பதாகச் சொல்லிவிட்டு விட்டுவிட்டீர்கள். தை மாதம் உங்களுக்கு எந்த ஞாயிறு தோதுப்படும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். முன் சீட் உங்களுக்குத்தான். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வரவும்.

அன்புடன்,
வேனில் வந்த எல்லோரும்