செயலாளரின் ஆண்டறிக்கை: சான்ட்ஃபோர்டுக்குப் போய்வந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் வாழும் திரைப்பட ஆர்வலர்களாகிய நாம் நடத்திவரும் இச்சிறு சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். இவ்வாண்டு எட்டுத் திரையிடல்கள் நடந்தன. அவற்றுள் ஏழைப் பற்றிய விவரங்கள் மாதாந்திரக் கூட்டக் குறிப்பேட்டில் இருப்பதால் அவற்றை மீண்டும் படித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. எட்டாவது, உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் ஆண்டின் விருப்பப் படமாகத் தேர்வான 'ஹாட் ஃபஸ்'. நான் பொறுப்பேற்ற நாள் முதல் எந்தப் படமும் நம்மிடையே இவ்வளவு பேச்சையும் மனத்தாங்கலையும் கிளப்பியதில்லை. போதாததற்கு, அந்தப் படத்தின் கொலைகாரனே ஓர் ஊர்ச் சங்கம்தான். ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியதைப் பொறுத்தருள வேண்டும்.

எட்கர் ரைட் இயக்கி, அவரும் நடிகர் சைமன் பெக்கும் சேர்ந்து எழுதிய இப்படம் 2007 பிப்ரவரியில் வெளிவந்தது. 2004இல் வந்த 'ஷான் ஆஃப் த டெட்', 2013இல் வந்த 'த வேர்ல்ட்ஸ் எண்ட்' ஆகியவற்றோடு சேர்த்து இதனைக் கார்னெட்டோ முப்படம் என்பார்கள். மூன்றிலும் அந்தக் கோன் ஐஸ்கிரீம் ஒருமுறையாவது தலைகாட்டும், இதில் வருவது நீல உறை. இடைவேளையில் நீல உறைக் கார்னெட்டோவே எல்லோருக்கும் வழங்கப்பட வேண்டும் என்று ஓர் உறுப்பினர் பிடிவாதமாக இருந்து, தம் சொந்தச் செலவில் வாங்கியும் வந்தார். குளிர்பெட்டி இல்லாத மண்டபத்தில் அவை ஏறக்குறைய பாயசமாகவே பரிமாறப்பட்டன என்றாலும் அவருடைய அன்புக்குச் சங்கம் நன்றி தெரிவிக்கிறது.

படம் பார்க்க இயலாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டன் காவல்துறையில் காவலர் நிக்கலஸ் ஏஞ்சல் அளவுக்கு மீறித் திறமையாக வேலை செய்வதால், தங்கள் மானம் போகிறதே என்று மேலதிகாரிகள் அவரைச் சார்ஜென்டாக உயர்த்திக் குளோஸ்டர்ஷையரிலுள்ள சான்ட்ஃபோர்டு என்ற அமைதியான ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள். அங்கே காணாமற்போன அன்னத்தைத் தேடுவதும், வயது வராத பிள்ளைகளை மதுக்கடையிலிருந்து வெளியேற்றுவதும், அடுத்தவர் வேலியை வெட்டிய கிழவரை விசாரிப்பதும்தான் வேலை. 'ஆண்டின் சிறந்த கிராமம்' என்ற விருதே ஊரின் உயிர்மூச்சு. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் பின் ஒருவராகக் கோரமாகச் சாகிறார்கள். காவல் நிலையமோ ஒவ்வொன்றையும் விபத்து என்று எழுதி மூடுகிறது. பிரிட்டனில் காவலர் பயிற்சிக்கான மாதிரி வழக்குகள் நடக்கும் கற்பனை ஊருக்கும் சான்ட்ஃபோர்டு என்றே பெயர். அது தெரிந்த காவலர் ஒருவர் இப்படத்தைப் பார்த்தால் நம்மைவிட ஒருமுறை கூடுதலாகச் சிரிப்பார்.

இடைவேளையில் கொலைக்கான காரணத்தை ஊகித்துச் சீட்டில் எழுதித் தருமாறு கேட்டிருந்தோம். வந்த சீட்டுகளில் பெரும்பாலானவை நிலம், பணம், புதிய சாலை என்றே கூறின. கதாநாயகரும் அதையேதான் நினைக்கிறார். புறவழிச்சாலை, அதனால் மதிப்பு ஏறும் நிலம், அதில் ஆதாயம் அடையக்கூடிய பல்பொருள் அங்காடி மேலாளர் என்று கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோத்து, இறந்த அனைவரையும் ஒரே சங்கிலியில் அவர் கட்டிக்காட்டும் காட்சி, துப்பறியும் கதை படித்து வளர்ந்த யாருக்கும் மெய்சிலிர்க்க வைக்கும். அந்தச் சங்கிலி முழுவதும் தவறு என்பதில்தான் இப்படத்தின் அவல நகைச்சுவை இருக்கிறது. வழக்கறிஞர் செத்தது அவர் நாடகத்தில் கேவலமாக நடித்ததால். அவருடன் நடித்த பெண் செத்தது அவள் சிரிப்புச் சத்தம் பொறுக்காததால். ஒரு செல்வந்தர் செத்தது அவர் கட்டிய வீடு ஊரின் பழமையான அழகோடு ஒட்டாததால். பூக்கடைக்கார அம்மாள் செத்தது அவருடைய தோட்டக் கைவண்ணத்தோடு அயலூருக்குக் குடிபோக இருந்ததால். கொன்றவர்கள் ஊர்க் கண்காணிப்புச் சங்கத்தார். திங்களும் செவ்வாயும் நாம் கடையிலும் கோவிலிலும் காணும் அதே இன்முகப் பெரியவர்கள்.

உள்ளூர்ச் செய்தித்தாளில் தொடர்ந்து அச்சுப்பிழைகள் விட்டதற்காக ஒரு நிருபரும் தேவாலயக் கூரையிலிருந்து விழும் கல்லுக்கு இரையாகிறார். சென்ற ஆண்டறிக்கையில் பதினொரு அச்சுப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு எனக்கு அனுப்பிய மூத்த உறுப்பினர் அன்று என் பக்கத்து நாற்காலியில்தான் அமர்ந்திருந்தார். அந்தக் காட்சியில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். இம்முறை அறிக்கை மூன்று பேரால் மெய்ப்புப் பார்க்கப்பட்டுள்ளது.

படத்திற்குப் பிந்தைய கலந்துரையாடல் வழக்கமான அரைமணி நேரத்தைத் தாண்டி நெடுநேரம் நீண்டது. ஊர்க்காரர்களின் பெயர்களை ஓர் உறுப்பினர் எடுத்துக்காட்டிப் பேசினார்: நெசவாளர், அறுவடைக்காரர், உழவர், துணி வணிகர், தூதர் என்று பொருள்படும் பழந்தொழிற்பெயர்களே வீவர், ரீப்பர், டில்லர், டிரேப்பர், மெசஞ்சர் எனக் குடும்பப் பெயர்களாக வருகின்றன, ஊருக்குள் புதிதாக வருபவருக்கோ தேவதூதனின் பெயர். அச்சங்கத்தை முன்நின்று நடத்தும் டாம் வீவராக நடித்திருப்பவர் எட்வர்டு உட்வர்டு. 1973இல் வந்த 'த விக்கர் மேன்' படத்தில், தீவு ஒன்றுக்குத் தனியாகப் போய் ஊரார் கையில் மாட்டிக்கொள்ளும் காவலராக நடித்தவரும் அவரே. ஊராரிடம் பலியான போலீஸ்காரரை முப்பத்துநான்கு ஆண்டு கழித்து ஊராரின் தலைவராக உட்கார வைத்திருப்பது, பழைய படம் தெரிந்தவர்களுக்கு மட்டும் இயக்குநர் தந்த தனி விருந்து.

கண்ணீர் வரச் சிரித்தது மொழிபெயர்ப்புக் காட்சிக்கு. வேலியை வெட்டிய அந்தக் கிழவர் பேசும் வட்டார வழக்கு விளங்காமல், அதை விளக்க ஒரு வயதான காவலர் வருகிறார். அவர் பேச்சும் விளங்காமல், அதை விளக்க இன்னொருவர் தேவைப்படுகிறார். இரட்டை மொழிபெயர்ப்பில் விசாரணை நடந்து முடிய, அந்தக் கிழவரின் கொட்டகையில் துப்பாக்கிக் குவியலோடு ஒரு கடற்கண்ணிவெடியும் கிடக்கிறது. இந்தப் பகுதியில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தும் பக்கத்துப் பண்ணைக்காரர் பேசுவதற்குத் தலையை மட்டும் ஆட்டிவரும் நம் உறுப்பினர் ஒருவர், அன்றுதான் தம் மனம் ஆறியது என்றார். சப்டைட்டில் போடலாமா வேண்டாமா என்று செயற்குழுவில் இரண்டு கூட்டங்கள் விவாதித்தோம். போட்டது நல்லதாயிற்று.

படப்பிடிப்பு நடந்த சாமர்செட்டின் வெல்ஸ் நகரத்துக்குச் சங்கத்தின் சார்பில் ஒருநாள் பயணம் சென்று வந்தோம். எட்கர் ரைட் வளர்ந்த ஊர் அது. சந்தைச் சதுக்கத்தில் நின்றால் படத்தின் கடைசித் துப்பாக்கிச் சண்டை கண்முன் வந்துவிடுகிறது. புனித கத்பெர்ட் ஆலயமே சான்ட்ஃபோர்டின் ஆலயமாக நடித்திருக்கிறது. ஆனால் வெல்ஸின் அடையாளமான, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய மாபெரும் பேராலயத்தைப் படத்தில் எங்கும் காண முடியாது. அது இருந்தால் கிராமம் என்று சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள் என்று, கணினி வேலையால் அழித்துவிட்டார்கள். நாங்கள் எவ்வளவு முயன்றும் எங்கள் புகைப்படம் எதிலிருந்தும் அதை அகற்ற முடியவில்லை. பிறகு, ஆயர் மாளிகையின் அகழியில் வாழும் அன்னங்கள் பசித்தால் மணிக்கயிற்றை அலகால் இழுத்து உணவு கேட்கும் என்று அறிந்து, அங்கே போய்க் காத்திருந்தோம். நல்ல மழைத் தூறல். அரைமணி நேரத்தில் ஓர் அன்னம் மணிக்கு அருகே வந்து, குடை பிடித்த பதினாறு பேரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கயிற்றைத் தொடாமலே திரும்பிப் போயிற்று. படத்திலும் அன்னம் யார் பிடிக்கும் அகப்படாமல் நெடுநேரம் ஆட்டம் காட்டுவது உங்களுக்கு நினைவிருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இப்படத்துக்கு இங்கே 15 வயதுச் சான்றிதழ் என்பதை அறிவிப்பில் சிறிய எழுத்தில் போட்டது என் தவறு. குழந்தைகளோடு வந்த இரண்டு குடும்பங்கள் பக்க அறையில் சீட்டாடிக்கொண்டிருக்க நேர்ந்தது; அவர்களிடம் வருத்தம் தெரிவித்துக் கட்டணம் திருப்பித் தரப்பட்டது. நிருபரின் மரணத்தை இவ்வளவு இரத்தத்தோடு காட்டியிருக்க வேண்டுமா என்று எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்த அம்மையாரின் கருத்தைச் செயற்குழு மரியாதையோடு பதிவு செய்துள்ளது. என் கருத்து அதிலிருந்து வேறுபடுகிறது. காரணம் எவ்வளவு அற்பமோ, சாவு அவ்வளவு கோரமாக இருந்தால்தான் அந்தப் பெரியவர்களின் இன்முகம் நமக்கு உறுத்தும். இரத்தத்தைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கிராமத்துக் கேலிக்கூத்து. ஆனால் கடைசி அரைமணி நேரத் துப்பாக்கிச் சண்டை சற்று நீளம் என்று சொன்னவர்களோடு நான் முழுவதும் உடன்படுகிறேன்.

வரவு செலவு கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மண்டப வாடகை உயர்ந்ததால் கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைந்துள்ளது. படம் காட்டும் கருவியின் விளக்கு மாற்ற வேண்டிய நிலையில் உள்ளது. இவற்றைக் கருதி ஆண்டுச் சந்தாவை உயர்த்தும் தீர்மானத்தைப் பிப்ரவரிக் கூட்டத்தில் பொருளாளர் முன்மொழிந்தார். முன்மொழிந்தவர், படம் பார்த்து இரண்டு வாரமே ஆகியிருந்ததை மறந்து, "சங்கத்தின் பொது நன்மைக்காக" என்று சொல்லிவிட்டார். படத்தில் ஊர்க் கண்காணிப்புச் சங்கத்தார் ஒருவர் அதைச் சொன்னதும் மற்றவர்கள் தாழ்ந்த குரலில் திரும்பச் சொல்வதைப் போலவே, அவையிலிருந்த அனைவரும் ஒரே குரலில் "பொது நன்மைக்காக" என்றார்கள். சிரிப்பு அடங்காததால் தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்படாமல் ஒத்திவைக்கப்பட்டது. அத்தீர்மானம் இன்று மீண்டும் வருகிறது; பொருளாளர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும் உறுப்பினர்கள் அமைதி காத்துக் கையை மட்டும் உயர்த்துமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையை அவையின் ஏற்புக்கு வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்